அப்பா லாரியும் அரை ஏ4 பேப்பர் ஓட்டையும்

எங்க அப்பாவுக்கு போன் பண்ணா முதல் ரெண்டு நிமிஷம் "ஆங்? என்ன? திரும்பச் சொல்லு"ன்னே போயிடும். சிக்னல் பிரச்சினைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் வீட்டுல, எதிர்ல உட்கார்ந்து பேசுறப்பவும் அதே "ஆங்?". அப்பாவே சொன்னார்: "நீ பேசறது கேக்குது அம்மிணி, என்ன வார்த்தைன்னுதான் தெரியல."

அதிக சத்தத்துல வருஷக்கணக்கா இருக்கிறவங்களுக்கு காது இப்படித்தான் போகும். முதல்ல அடிவாங்குறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கிற பகுதி. உயிரெழுத்து ஓசை எல்லாம் அதுக்குக் கீழ இருக்கு, அதனால குரல் கேட்கும். 'ச', 'ஸ', 'ஃப' மாதிரி காத்து சீறுற ஓசைகள் மேல இருக்கு, அது காணாம போகும். பொம்பளைங்க குரலும் குழந்தைங்க குரலும் இன்னும் கஷ்டம். போன செல்லு திரும்பி வளராது. இருக்கிறதைக் காப்பாத்துறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு.

அப்பா ஓட்டுறது 2010 மாடல் லாரி, ஆறு சிலிண்டர் டீசல். ஓனரும் அவர்தான், டிரைவரும் அவர்தான். நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துக்காரங்களுக்கு விளக்க வேண்டாம், மத்தவங்களுக்காக: இந்த மாதிரி லாரியில கம்பெனி சேசிஸை மட்டும் கொடுக்கும், கேபினை இங்க பட்டறையில மரச்சட்டமும் தகரமும் வெச்சு கட்டுவாங்க. இன்ஜின் கேபினுக்கு உள்ளேயே, டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவுல ஒரு மேடு மாதிரி இருக்கும். அதை மூடியிருக்கிறதை பானட்னு சொல்லுவாங்க. அடுப்பைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரிதான்.

2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாராகுற 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு கேபின்ல ஏசி கட்டாயம்னு மத்திய அரசு அறிவிச்சிருக்கு. நல்ல விஷயம். ஆனா அது தேதிக்கு அப்புறம் பொறக்கிற வண்டிக்கு. அப்பா வண்டி இன்னும் பல வருஷம் ஓடும், அந்த சட்டம் இதுக்கு வராது. அதனால நாமே ஏதாவது பண்ணாத்தான் உண்டு.

நான் முதல்ல பண்ணது சுத்த முட்டாள்தனம். மூணாவது வருஷம் நடுவுல, 'அக்கூஸ்டிக்ஸ்' எலெக்டிவ் எடுத்த தெனாவட்டுல, ரெக்கார்டிங் ஸ்டூடியோவுல ஒட்டுவாங்களே, முட்டை அட்டை மாதிரி மேடு பள்ளமா இருக்கிற ஃபோம், அதை ஆன்லைன்ல வாங்கி கேபின் முழுக்க ரப்பர் கம் வெச்சு ஒட்டிட்டேன். ஒரு சித்திரை மாசம் தாங்கல. கம் இளகி சீலிங்ல இருந்து ஒவ்வொண்ணா அப்பா தலையில விழுந்துச்சு. அது கூடப் பரவாயில்ல. விழறதுக்கு முன்னாடியும் சத்தம் குறையவே இல்ல.

ஏன்னா அந்த ஃபோம் சத்தத்தை உறிஞ்சுற பொருள், தடுக்கிற பொருள் இல்ல. ஒரு ரூமுக்குள்ள எதிரொலி வராம இருக்க அது உதவும். வெளியில இருந்து வர்ற சத்தத்தை நிறுத்த அதுக்கு எடையே கிடையாது. உறிஞ்சுறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு: அலைநீளத்துல நாலுல ஒரு பங்கு தடிமன் இருந்தாத்தான் நல்லா வேலை செய்யும். ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுத்துக்கு மூணு தடவை வெடிக்கும். 1500 ஆர்பிஎம்ன்னா நொடிக்கு 25 சுத்து, 75 வெடிப்பு. அந்த 75 ஹெர்ட்ஸ் 'தம்' சத்தத்தோட அலைநீளம் நாலரை மீட்டர். நாலுல ஒரு பங்குன்னா ஒரு மீட்டருக்கு மேல ஃபோம் வைக்கணும். அப்புறம் அப்பா எங்க உட்கார்றது?

ஆனா ரெண்டாவது காரணம்தான் எனக்கு உறைச்சது. நான் புலம்பிட்டு இருந்தப்ப அப்பா சாதாரணமா சொன்னார்: "நீ என்னத்த ஒட்டுனாலும், சூடு தாங்காம நான் கண்ணாடியை இறக்கித்தான ஓட்டப்போறேன்?"

அவ்வளவுதான். ஜன்னல் முழுசா திறந்திருக்கிற கேபினுக்கு சவுண்ட் ப்ரூஃபிங்! அவருக்கு வலது காது ரொம்ப மோசமா இருக்கிறதுக்கும் காரணம் எனக்கு அப்பத்தான் புரிஞ்சது, அது ஜன்னல் பக்கத்துக் காது. சூட்டைக் குறைக்காம இந்த கேபின்ல சத்தத்தைக் குறைக்க முடியாது. முதல்ல சூடு, அப்புறம் ஓட்டை, கடைசியா தகரம். இந்த வரிசையிலதான் போன எஃப்சிக்கு வண்டி நின்னப்ப வேலை பண்ணோம். எட்டு வருஷம் தாண்டுன வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி. எப்படியும் டிங்கரிங், பெயின்ட்டுன்னு பட்டறையில நிக்கும், அந்த நாலு நாளை நான் கடன் வாங்கிக்கிட்டேன்.

கூரையில இருந்து ஆரம்பிச்சோம். வெயில் உச்சியில இருக்கிறப்ப ஒரு சதுர மீட்டர்ல சுமார் 1000 வாட் விழுது. அடர் நிற பெயின்ட் அதுல 90 சதவீதம் பக்கம் உறிஞ்சும், நல்ல வெள்ளை பெயின்ட் 20, 30 சதவீதம்தான். அப்பா கேபின் மேல மெரூன். "மேல யாருப்பா பார்க்கப் போறா, வெள்ளையடிக்கலாம்"னு சொன்னதுக்கு பெயின்டர் அண்ணனுக்குத்தான் மனசு கேக்கல, ஓரத்துல ஒரு மெரூன் பட்டை விட்டுட்டார். செலவு ரொம்பக் கம்மி, பலன் ரொம்ப அதிகம். வேற எதுவும் பண்ண முடியாதவங்க இதை மட்டுமாவது பண்ணுங்க.

அடுத்து உள்பக்கம். கூரைத் தகரம், அதுக்குக் கீழ ரெண்டு அங்குல இடைவெளி, அப்புறம் ரெக்ஸின் ஒட்டுன பிளைவுட். தகரம் 70 டிகிரி, கேபின் காத்து 40 டிகிரின்னு வெச்சு கணக்கு போட்டா, சதுர மீட்டருக்கு 100 வாட் பக்கம் கீழ இறங்குது. கூரை மூணு சதுர மீட்டர்னா 300 வாட். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் உடம்புல இருந்து வர்ற சூடு சுமார் 100 வாட். அப்போ கண்ணுக்குத் தெரியாம மூணு பேரைக் கேபின்ல கூடுதலா ஏத்திக்கிட்டு ஓட்டுறார். பிளைவுட்டோட அடிப்பக்கமே 54 டிகிரிக்குப் போகும், அது தலையில இருந்து ஒரு சாண் உயரத்துல இருக்கு.

இதுல கவனிக்க வேண்டியது, அந்த இடைவெளியில சூடு இறங்குறது பெரும்பாலும் கதிர்வீச்சா. சூடான காத்து மேலேயே நிக்கும், கீழ வராது. கதிர்வீச்சை நிறுத்த அலுமினிய ஃபாயில் போதும், ஆனா அதுக்கு முன்னாடி காத்து இடைவெளி இருக்கணும். ரெண்டு பக்கமும் ஒட்டி அமுக்கிட்டா ஃபாயில் வெறும் உலோகம், சூட்டைக் கடத்தும். நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான். இன்னொண்ணு, ஃபாயில் மேல்நோக்கி இருந்தா தூசி படிஞ்சு ரெண்டு மாசத்துல வேலை செய்யாது. கீழ்நோக்கி இருக்கணும்.

நாங்க எடுத்தது ஏசி டக்ட்டுக்கு சுத்துவாங்களே, கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட், ஒரு பக்கம் ஃபாயில் போட்டது, 19 மி.மீ. இதுக்குன்னு 'கார் சவுண்ட் ப்ரூஃபிங் கிட்' வாங்குறதோட ஒப்பிட்டா மலிவு. உள்ள இருக்கிற குமிழ் எல்லாம் மூடுன குமிழ், அதனால தண்ணி குடிக்காது. ரப்பர் பக்கத்தைத் தகரத்துல ஒட்டி, ஃபாயில் கீழ பார்க்குற மாதிரி விட்டோம். போன தடவை பட்ட பாட்டுக்கு, கம்மை மட்டும் நம்பாம மரச்சட்டத்துல வாஷர் வெச்சு ஸ்குரூவும் அடிச்சாச்சு. அதே கணக்கை மறுபடி போட்டா இறங்குற சூடு அஞ்சுல ஒரு பங்கு. மழை பெய்யுறப்ப தகரத்துல விழற அந்த 'படபட'வும் அமுங்கிடுச்சு, அது இலவசமா கிடைச்சது.

பானட் கதை வேற. அங்க நைட்ரைல், தெர்மாகோல், பேக்கிங் ஃபோம் எதையும் இன்ஜின் பக்கம் வைக்கவே கூடாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போவும் சில நூறு டிகிரிக்குப் போற இடம். பேக்கிங் ஃபோம் 110 டிகிரி பக்கமே உருகிடும், தெர்மாகோல் அதுக்கும் முன்னாடியே சுருங்கிடும். எங்க வண்டியில அந்த இடத்துல ஏற்கெனவே ஒரு பழைய கம்பளி மாதிரி ஒண்ணு தொங்கிட்டு இருந்துச்சு. கழட்டிப் பிழிஞ்சா ஆயில் சொட்டுது. அதாவது பதினஞ்சு வருஷமா அப்பா ஒரு பெரிய விளக்குத் திரி பக்கத்துல உட்கார்ந்திருக்கார். தயவுசெஞ்சு இந்த கட்டுரையில வேற எதைச் செய்யலைன்னாலும், பழைய லாரி இருக்கிறவங்க அதை மட்டும் கழட்டிப் பாருங்க.

அதை எடுத்துட்டு 25 மி.மீ செராமிக் ஃபைபர் பிளாங்கெட் வெச்சோம். அதை அப்படியே விட்டா உதிரும், ஆயில் குடிக்கும். மெல்லிசான அலுமினியத் தகட்டுல பார்சல் மாதிரி நாலு பக்கமும் மடிச்சு மூடி, போல்ட் போட்டாச்சு. வெட்டுறப்ப மாஸ்க், கையுறை, முழுக்கை சட்டை எல்லாம் போடணும், அந்த நார் நுரையீரலுக்கு ஆகாது. நான் கையுறை போட்டேன், முழுக்கை சட்டை போடல, ரெண்டு நாள் சொறிஞ்சுக்கிட்டே இருந்தேன். பானட்டுக்கு மேல, கால் படுற பக்கம், நைட்ரைல் ஷீட், அதுக்கு மேல கனமான ரப்பர் மேட், அதுக்கு மேல ரெக்ஸின். மேட் எதுக்குன்னு கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

இப்ப ஓட்டைக்கு வருவோம். இந்த வேலை முழுக்க எனக்குப் பிடிச்ச கணக்கு இதுதான்.

ஒரு சுவர் 30 டெசிபெல் தடுக்குதுன்னா, வந்த ஒலி ஆற்றல்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் உள்ள விடுதுன்னு அர்த்தம். அந்த சுவர்ல 1 சதவீதம் மட்டும் ஓட்டை இருக்குன்னு வெச்சுக்கங்க. ஓட்டை வழியா வர்றது அப்படியே முழுசா வரும், அதாவது மொத்தத்துல நூத்துல ஒண்ணு, ஆயிரத்துல பத்து. மிச்ச 99 சதவீத சுவர் வழியா வர்றது ஆயிரத்துல ஒண்ணு. ஒரு சின்ன ஓட்டை, மொத்த சுவரை விட பத்து மடங்கு சத்தத்தை உள்ள கொண்டுவருது! 30 டெசிபெல் சுவர் 20 டெசிபெல் சுவர் ஆயிடும். அந்த சுவரை இரும்புல இல்ல, ஒரு அடி கான்கிரீட்ல கட்டுனாலும் 20 தான்.

இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு, தரை எல்லாம் சேர்த்து மூணு சதுர மீட்டர்னு வைங்க. 1 சதவீதம்னா 300 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 பேப்பரை ரெண்டா மடிச்சா அவ்வளவுதான்.

எங்க வண்டியில எவ்வளவு இருந்துச்சுன்னு பார்க்க சாதனம் எதுவும் வேண்டியிருக்கல. ராத்திரி பட்டறையில லைட்டை அணைச்சுட்டு, இன்ஜின் பக்கம் ஒரு பல்பை எரியவிட்டு, கேபினுக்குள்ள இருந்து பார்த்தோம். திருவிழா சீரியல் செட் மாதிரி இருந்துச்சு. கிளட்ச், பிரேக் பெடல் இறங்குற இடம், ஸ்டியரிங் ராடு இறங்குற இடம், ஒயர் போற ஓட்டை, கியர் ராடு அடியில கிழிஞ்ச ரப்பர் பூட், எப்பவோ எடுத்த ஏதோ பிராக்கெட்டோட போல்ட் ஓட்டைகள். எல்லாத்தையும் விட பெருசு பானட் விளிம்பு. பீடிங் ரப்பர் காஞ்சு, பாதி இடத்துல காணோம். சுத்தி ஒரு விரல் சந்து. அது மட்டுமே அரை ஏ4-ஐ விட அதிகம்.

போல்ட் ஓட்டைக்கு ரப்பர் அடைப்பு, ஒயருக்கு குரோமெட், கியருக்கு புது பூட், பெடலுக்கு ரெண்டு ரப்பர் மடல் ஒண்ணு மேல ஒண்ணு. பானட்டுக்கு புது பீடிங், கூடவே ரெண்டு கிளாம்ப், அழுத்தி உட்கார. வேலையெல்லாம் ஒண்ணேகால் நாள், சாமான் செலவு மொத்தத்துலயே இதுக்குத்தான் கம்மி. சத்தம் குறைஞ்சதுல பெரும்பங்கு இதுலதான்னு காதுலயே தெரிஞ்சது. டீசல் புகை வாடையும் உள்ள வர்றது நின்னுச்சு. ஆனா ஒண்ணு: அடைக்கிறதுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட்ல லீக் இருக்கான்னு பார்த்து சரி பண்ணுங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, ராத்திரி கேபின்ல படுத்துத் தூங்குறவங்க வண்டி இது. காத்து உள்ள வர ஒரு வழியும் வேணும். நாங்க முன்பக்கம் மேல, இன்ஜின் காத்து படாத இடத்துல இருக்கிற காத்துவழியை விட்டுவெச்சு, ஒரு 24 வோல்ட் ஃபேன் மாட்டுனோம்.

ஓட்டை அடைச்சதுக்கு அப்புறம்தான் தகரத்தைப் பத்தி யோசிக்கணும். தகரத்துல ரெண்டு விஷயம் நடக்குது. ஒண்ணு, அது மணி மாதிரி அதிருது. தட்டிப் பாருங்க, 'டங்'ன்னு நீளமா கேட்டா அந்த இடம் அதிருது, 'டொக்'ன்னா பிரச்சினை இல்ல. 'டங்' வர்ற இடத்துல நடுவுல அலுமினியம் ஒட்டுன பியூட்டைல் ஷீட்டை ஒட்டணும். முழுக்க ஒட்டத் தேவையில்ல. தட்டுற பரப்புல நாலுல ஒரு பங்கு ஒட்டுனாலே அதிர்வு நல்லா அடங்கிடும், மிச்சம் காசுக்குக் கேடு. தார் ஷீட் மலிவுதான், ஆனா நம்ம வெயில்ல இளகி வழியும்.

இன்னொண்ணு எடை. சத்தத்தைத் தடுக்கிறது எடை, வேற மந்திரம் இல்ல. எடையை ரெண்டு மடங்காக்குனா 6 டெசிபெல் கூடும். 1 மி.மீ இரும்புத் தகரம் சதுர மீட்டருக்கு 7.8 கிலோ. இது 1000 ஹெர்ட்ஸ் சத்தத்தை 30 டெசிபெல் பக்கம் தடுக்கும், 75 ஹெர்ட்ஸ் 'தம்'மை வெறும் 8. பானட் மேல போட்ட 6 மி.மீ ரப்பர் மேட் கிட்டத்தட்ட தகரம் அளவுக்கே எடை, நடுவுல நைட்ரைல் மெத்தை மாதிரி இருந்து ரெண்டையும் பிரிக்குது. அதுக்குத்தான் அந்த மேட். தரையிலயும் அதேதான். தரைக்கு கார்ப்பெட் போடாதீங்க, மழைத்தண்ணியைக் குடிச்சு அடியில தகரம் துருப்பிடிக்கும், மரச்சட்டம் மக்கும். கதவுக்குள்ள ஒட்டுறப்ப அடியில தண்ணி வெளியேற இருக்கிற ஓட்டையை மட்டும் அடைக்கக் கூடாது. நான் ஒண்ணை அடைச்சுட்டேன், டிங்கர் அண்ணன் பார்த்துட்டு "இன்ஜினியரு, கதவுல மீன் வளர்க்கப் போறீங்களா?"ன்னார்.

வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே பைபாஸ்ல, அதே கியர்ல, அதே வேகத்துல, கண்ணாடி ஏத்திட்டு என் போன் ஆப்ல அளந்தேன். 87 இருந்தது 81 ஆச்சு. போன் மைக் துல்லியமானது இல்ல, ஆனா ஒரே போன்தான், அதனால வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு சொல்ற வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறுறப்பவும் நேரம் பாதி. 87-ன்னா 5 மணி நேரம்தான். அப்பா ஒரு நாளைக்கு ஓட்டுறது அதை விட எவ்வளவோ அதிகம். 81-ன்னா அவர் முழு நாள் ஓட்டுனாலும் வரம்புக்குள்ள வருது.

கண்ணாடியை இறக்குனா? 86. எல்லா வேலையும் போச்சு.

இன்சுலேஷன் சூட்டை உள்ள விடாம தடுக்கும், குளிர வைக்காது. வெளியில காத்தே 40 டிகிரின்னா உள்ளயும் அதுக்குக் கீழ போகாது, அதுக்கு ஏசிதான் வேணும். மதியம் 12-ல இருந்து 4 வரைக்கும் அப்பா இப்பவும் கண்ணாடியை இறக்கித்தான் ஓட்டுறார். மிச்ச நேரம், முக்கியமா ராத்திரி முழுக்க, ஏத்திட்டு ஓட்டுறார். முன்னாடி ராத்திரியிலயும் பானட் சூட்டுக்கு இறக்கி வெச்சிருப்பார். இப்ப கிளீனர் பானட் மேல காலை நீட்டிப் படுத்துத் தூங்குறான். முன்ன அதுல காலை வெச்சா வெந்துடும்.

அப்பாவுக்கு முதல் ட்ரிப்ல ஒரு கோபம் இருந்துச்சு. நாக்பூர் தாண்டி ஒரு டீக்கடையில நின்னு போன் பண்ணார். "இன்ஜின் சத்தமே சரியா கேக்கல. கியரை எப்படி அம்மிணி மாத்துறது?" இருபத்தஞ்சு வருஷமா காதுல கேட்டு கியர் மாத்துற மனுஷன். எனக்கு அதை யோசிக்கவே தோணல. டயர் வெடிக்கிறது, பேரிங் கத்துறது, பின்னாடி வர்றவன் ஹாரன், எல்லாமே அவருக்கு காது வழியாத்தான் தெரியும். நல்லவேளை, அந்த 75 ஹெர்ட்ஸ் 'தம்'மை எதுவுமே நிறுத்தல. ஸ்டியரிங்லயும் சீட்லயும் அது அப்படியே இருக்கு. நாலு நாள்ல அதை வெச்சே மாத்தப் பழகிட்டேன்னார். பின்னாடி வர்ற ஹாரனுக்கு மட்டும் கண்ணாடியை இன்னும் அடிக்கடி பார்க்கிறாராம்.

காது டெஸ்ட்டுக்கு இன்னும் வரமாட்டேங்கிறார், அது தனி சண்டை.

கதவுல ஒரு வேலை பாக்கி இருக்கு. கண்ணாடி ஏறி இறங்குற பள்ளத்துல இருக்கிற வெல்வெட் ரப்பர் முழுசா தேஞ்சுபோச்சு, ஏத்தினாலும் மேல ஒரு சந்து நிக்குது. பட்டறையில கட்டுன கேபின்கிறதால ரெடிமேடா எந்த சைஸும் பொருந்தல. அடுத்த எஃப்சிக்குள்ள கிடைச்சாகணும். யார் ஊர்லயாவது மீட்டர் கணக்குல வெட்டிக் கொடுக்கிற கடை இருந்தா எங்க மெக்கானிக்கல் லேப் பக்கம் வந்து சொல்லுங்க, சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் அங்கதான் இருப்பேன்.